பரங்கிமலை

குலசேகரன்பட்டினத்தைச் சூழ்ந்த கடற்கரையில் மணற்குன்றுகள் உண்டு, மலை இல்லை. அவ்வூர் மாணவன் ஒருவன் திருச்செந்தூரில் இரயிலேறிச் சென்னைக்குச் செல்வானாயின், தாம்பரம் கடந்த சிறிது நேரத்தில் ஒரு குன்றைக் காண்பான். அதுவே பரங்கிமலை. உயரம் ஏறத்தாழ 300 அடியே. எனினும், இந்திய நாட்டை அளக்கும் பெரும்பணி இதன் அடிவாரத்தில்தான் தொடங்கிற்று.

புனித தோமையார் இம்மலையில் உயிர்நீத்தார் என்பது கிறித்தவ மரபு. 1523-இல் போர்ச்சுகீசியர் உச்சியில் கோயில் எழுப்பினர். அவர்களை நம்மவர் பரங்கியர் என்றழைத்தமையால் மலையும் அப்பெயர் பெற்றது. மேலே செல்லும் கற்படிகளை அமைத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர்.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பார் இங்கு அளவைப்பணியைத் தொடங்கினார். முக்கோணம் ஒன்றன் ஒரு பக்கமும் அதன் இரு முனைக்கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாமன்றோ? அந்த முதற்பக்கம் பிழையின்றி அமைதல் வேண்டும். அதிற் பிழை நேர்ந்தால் பின்வரும் முக்கோணங்கள் யாவும் பிழைபடும். ஆதலின், பரங்கிமலையை அடுத்த சமவெளியிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரைக்கல் தொலைவை, 100 அடி எஃகுச் சங்கிலியால் நானூறு முறை அளந்தனர். கோடை வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்து அளவைத் திருத்தினர். நூல்கள் லாம்டனைப் போற்றுகின்றன. அவ்வெயிலில் பெட்டிகளைச் சுமந்தவர்களைப் பற்றிப் பேசுவது அரிது.

முக்கோணங்கள் தெற்கே படர்ந்தன. குன்றில்லாத சோழநாட்டில் கோபுரங்களே குன்றுகளாயின. 1808-இல் தஞ்சையில், அரை டன் எடையுள்ள கோணமானியைக் கோபுரத்தின்மேல் ஏற்றுகையில் அது மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பர். லாம்டனோ கூடாரத்துள் அமர்ந்து, வளைந்த வட்டத்தைப் பல வாரங்கள் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். அக்கருவியுடன் நெல்லைச் சீமையைக் கடந்து குமரிமுனையை அடைந்தார்.

அவர் 1823-இல் மறைந்தார். ஜார்ஜ் எவரெஸ்டு பணியை வடக்கே கொண்டுசென்றார். 1852-இல் வங்கக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தார், இமயச் சிகரம் ஒன்றே உலகில் உயர்ந்தது எனக் கணக்கிட்டுக் கண்டார். 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. 2020-இல் நேபாளமும் சீனமும் அறிவித்த அளவு 8,848.86 மீட்டர், அடிக்கணக்கில் ஏறத்தாழ 29,032. வேறுபாடு முப்பதே அடி.