பிளான்ஷுக்கு ஆட்சி தானாக வரவில்லை

அன்புள்ள மாணவிக்கு,

உன் கட்டுரையில் ஒரு வரி என்னை உறுத்துகிறது: "மகன் சிறுவனாக இருந்ததால் பிளான்ஷ் கையில் ஆட்சி தானாக வந்து விழுந்தது." இல்லையம்மா. 1226 நவம்பரில் பிளான்ஷின் கணவர், பிரான்ஸ் மன்னர் எட்டாம் லூயி இறந்தபோது மகனுக்கு 12 வயது. மனைவியே பொறுப்பேற்க வேண்டும் என்று மன்னர் மரணப் படுக்கையில் சொன்னதாக ஆயர்கள் எழுத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. தானாக வருவதற்கு எதற்குச் சாட்சி? அந்த மாதம் முடிவதற்குள் பிளான்ஷ் ரீம்ஸ் நகரில் மகனுக்கு முடிசூட்டிவிட்டார். சிற்றரசர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க அவகாசமே கொடுக்கவில்லை.

அந்நிய நாட்டுப் பெண் என்று அவர்கள் முணுமுணுத்தது உண்மை. ஆனால் அந்தப் பிறப்பை வெறும் குறையாக நீ எழுதியிருக்கிறாய். அவர் காஸ்டில் மன்னரின் மகள். தாய்வழியில் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றிக்குப் பேத்தி. 1216-இல் கணவர் இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கோரிப் படை நடத்தியது இந்த மனைவியின் வழியாகத்தான். அடுத்த ஆண்டு அவருக்கு உதவிப்படை திரட்டிக் கப்பலேற்றியவரும் பிளான்ஷ்தான். 1229 ஜனவரியில், கடுங்குளிரில் பெல்லேம் கோட்டையை முற்றுகையிட்டபோது, படைவீரர்களும் குதிரைகளும் விறைத்துப்போகாமலிருக்க விறகு வரவழைத்துத் தீ மூட்டச் செய்தவர் அவர். துலூஸ் சிற்றரசரோடு அதே ஆண்டு செய்த உடன்படிக்கையைப் பாடநூலிலேயே படித்திருப்பாய்.

நீயோ பாதிப் பக்கத்தை மாமியார் கொடுமைக்குக் கொடுத்துவிட்டாய்! போன்துவாஸ் அரண்மனையில் மகனும் மருமகளும் பிளான்ஷுக்குத் தெரியாமல் மாடிப்படியில் ஒளிந்து சந்தித்த கதை வரலாற்றாசிரியர் ழுவான்வீலின் நூலில் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் நூல் அது. ஆனால் ழுவான்வீல், பிளான்ஷின் மருமகள் மார்கரெட்டுக்கு வேண்டியவர். நூலை முடித்ததோ பிளான்ஷ் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு. சாட்சி சொல்பவர் யார் பக்கம் என்று பார்க்காமல் வரலாறு எழுத உட்காராதே.

ஓர்லி ஊரை ஏன் விட்டாய்? இன்று பாரிசின் விமான நிலையம் இருக்கும் அதே ஓர்லிதான். அந்த ஊர்ப் பண்ணையடிமைகள் வரி கட்ட மறுத்தார்கள். நோத்ர்தாம் பேராலயத்துக் குருக்கள் குழு அவர்களைச் சிறையில் அடைத்தது. பிணையில் விடும்படி பிளான்ஷ் கேட்டார். எங்கள் ஆட்களை நாங்கள் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது என்று பதில் வந்தது. அதோடு நிற்காமல் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்து உள்ளே தள்ளினார்கள். நெரிசலிலும் வெக்கையிலும் சிலர் இறந்தார்கள். பிளான்ஷ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு நேரே சிறைவாசலுக்குப் போனார். கதவை உடைக்கச் சொன்னார். தேவாலயத்தின் சாபத்துக்கு அஞ்சி அவர்கள் தயங்கக்கூடும் என்று, கையிலிருந்த கோலால் முதல் அடியைத் தானே அடித்தார். எத்தனை படையெடுப்புகளைப் பற்றி எழுதினாலும் இந்த ஓர் அடிக்கு ஈடாகாது என்பேன்.

இது நடந்தபோது அவருக்கு 60 வயதுக்கு மேல். மகன் சிறுவன் அல்ல. 1248-இல் சிலுவைப்போருக்குப் புறப்படும்போது 34 வயது நிரம்பிய மன்னர், நாட்டை மறுபடி தாயிடம் விட்டுப்போனார். 1252-இல் பிளான்ஷ் இறக்கும்வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. இந்த இரண்டாம் ஆட்சிக்காலம் உன் கட்டுரையில் ஒரே வரி. அதிலிருந்து தொடங்கித் திருப்பி எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்