மூளையின் ஜாமக்காரர்



தலையில் அடிபட்டு வருகிறவர்களின் குடும்பத்தார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், வீக்கம் வற்ற ஒரு ஊசி போடக்கூடாதா?" நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குமுன் மூளைக்குள் இருக்கும் ஜாமக்காரரைப்பற்றிச் சொல்லவேண்டும்.

ஸ்பெயின் தேசத்து மருத்துவர் பீயோ டெல் ரீயோ ஒர்த்தேகா, மூளைத் துண்டுகளுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்து, 1919-ல் மிகச் சிறிய ஒருவகை அணுக்களைத் தனித்து அடையாளம் கண்டார். மைக்ரோக்ளியா என்று பேரிட்டார். நாம் தாயின் வயிற்றில் உருவாகும் தொடக்க வாரங்களிலேயே இவை மூளையில் வந்து குடியேறுகின்றன.

காயமில்லாத வேளையில் இவை உறங்குகின்றன என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2005-ல் உயிருள்ள சுண்டெலியின் மூளையை விசேஷித்த நுண்ணோக்கியால் பார்த்தபோதோ, அவை மெல்லிய கைகளை நீட்டுவதும் இழுப்பதுமாக ஓயாமல் சுற்றிலும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. லேசர் கதிரால் மிகச் சிறு காயம் செய்தவுடன், சில நிமிடங்களுக்குள் அக்கம்பக்கத்து அணுக்கள் கைநீட்டி அதை வேலிபோல் அடைத்துக்கொண்டன. உடைந்த அணுக்களிலிருந்து கசியும் ஏ.டி.பி. என்னும் பொருளே அவற்றுக்கு எக்காளம்.

பிறகு செத்த அணுக்களை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. ஆனால் அவை சுரக்கும் பொருள்கள் அளவு மீறினால் நல்ல நரம்புகளும் கெடும். பலத்த அடியானால் இந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

அப்படியானால் அதை அடக்கிவிடலாமே? அந்த நம்பிக்கையோடுதான் மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். "கிராஷ்" என்னும் ஆராய்ச்சியில் 10,008 நோயாளிகளைக்கொண்டு இதைச் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு வாரங்களுக்குள் மரித்தவர்கள், ஸ்டீராய்டு பெறாதவர்களில் 100-க்கு ஏறக்குறைய 18 பேர். பெற்றவர்களில் 21 பேர்! நன்மை என்று எண்ணிச் செய்தது தீங்காய் முடிந்திருக்கிறது. (மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு ஸ்டீராய்டு இன்றும் பயன்படுகிறது, அது வேறு.)

ஆகவே தலைக்காயத்துக்கு அந்த ஊசியை நாங்கள் போடுவதில்லை. ஆக்ஸிஜன் குறையாமல், இரத்த அழுத்தம் இறங்காமல், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, மணிக்கு மணி கண்ணின் பாவையையும் நினைவையும் சோதித்துக்கொண்டிருக்கிறோம். "வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே" என்று குடும்பத்தார் சோர்ந்துபோவதுண்டு. அந்த இரவுகளில் விழித்திருக்கும் நர்சுகளுக்காகவும், வராந்தாவில் காத்திருக்கும் தாய்மாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.