வெல்லம் நுரையீரலைக் கழுவாது

மார்கழி பிறந்து காலைப் புகைமூட்டம் இறங்கினால் இந்த வதந்தியும் கூடவே இறங்கிவிடுகிறது. இரவு படுக்கப் போகும்முன் ஒரு துண்டு வெல்லம் சாப்பிட்டால் நுரையீரலில் படிந்த தூசு கரைந்து வெளியே வந்துவிடுமாம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, யூடியூபில் ஓடுகிறது. சிமென்ட் குடோன் மேஸ்திரி சொல்கிறார், பஞ்சாலையில் ஆயுளைக் கழித்த பெரியவர் சொல்கிறார். எண்ணூர், மணலிப் பக்கம் பிள்ளைக்கு இழுப்பு என்று வருகிற தாய்மார்களும் அதையே சொல்கிறார்கள். உணவியல் என் தொழில் என்பதால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான். ஒரு தடவை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வெல்லம் நுரையீரலைக் கழுவாது. கருப்பட்டியும் கழுவாது, வாழைப்பழமும் கழுவாது.

விழுங்குவது உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குப் போகிறது. மூச்சில் வருவது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போகிறது. தொண்டையில் ஒட்டிய தூசு, வெல்லத்தை மென்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் இறங்கும், கரகரப்பு அடங்கும். அந்த ஆறுதலைத்தான் நுரையீரலே சுத்தமாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பெரும்பாலும் மூக்கும் சளியுமே பிடித்துத் தள்ளிவிடும். ஆளைச் சாய்ப்பது கண்ணுக்குத் தெரியாத பிஎம் 2.5 என்கிற நுண்துகள். அனல்மின் நிலையப் புகையிலும் டீசல் புகையிலும் குப்பை எரிகிற புகையிலும் அது இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. காற்றுப்பை வரை போய்த் தங்கும், அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்தில் கலந்துவிடும். மாரடைப்பும் பக்கவாதமும் அந்த வழியாக வருகின்றன. இதில் வெல்லம் எங்கே போய் எதைக் கழுவும்?

"ஆராய்ச்சியே இருக்கிறதே" என்று சிலர் என்னிடம் ஒரு பக்கத்தை நீட்டுவதுண்டு. இருக்கிறது. லக்னோவில் இருந்த தொழில் நச்சியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் 1994இல் வெளியிட்ட ஆய்வு. தூசியில் வேலை செய்கிறவர்கள் வெல்லம் சாப்பிட்டால் சிரமம் தெரிவதில்லை என்கிறார்களே, பார்ப்போம் என்று தொடங்கியது. நிலக்கரித் தூளையும் சிலிக்காவையும் எலிகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி, வெல்லம் கொடுத்துப் பார்த்தார்கள். துகள்கள் நுரையீரலிலிருந்து சற்று வேகமாக நகர்ந்ததாகத் தெரிந்தது. சோதிக்கப்பட்டவை எலிகள், மனிதர்கள் அல்ல. செலுத்தியது சுரங்கத் தூசு, அனல்மின் நிலையப் புகையோ லாரிப் புகையோ அல்ல. விஞ்ஞானிகள் மேற்கொண்டு ஆராய வேண்டிய ஒரு தடயத்தை எடுத்து, வதந்தி பரப்புகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மருந்தாக்கிவிட்டார்கள்.

இதனால் நஷ்டமில்லையே என்று விட்டுவிடவும் முடியாது. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரை. ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இன்னொன்றையும் கேளுங்கள். சென்னையிலும் டெல்லியிலும் 12,000க்கு மேற்பட்டவர்களை 2010 முதல் ஏழாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், காற்றில் நுண்துகளின் ஆண்டு சராசரி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் நீரிழிவு வரும் அபாயம் 22 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. காற்றே சர்க்கரையை ஏற்றுகிறது, அதற்குப் பரிகாரம் என்று நாம் தினமும் ராத்திரி இன்னும் கொஞ்சம் சர்க்கரையை ஊட்டுகிறோம்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த வெல்லப் பேச்சு எனக்கு ஆற்றமாட்டாத எரிச்சலைத் தருகிறது, உண்மையான விஷயத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நுண்துகள் உடம்புக்குள் போய்ச் செய்கிற வேலை அழற்சியும் ஆக்சிஜனேற்றச் சிதைவும். அதைத் தாங்க உடம்புக்கு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, ஃபோலேட், ஒமேகா-3 கொழுப்பு எல்லாம் வேண்டும். நுரையீரலின் உட்பரப்பை நனைத்திருக்கும் திரவத்திலேயே வைட்டமின் சி இருக்கிறது, புகை வந்தால் முதலில் செலவாவதில் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் 5 லட்சத்து 48 ஆயிரம் பேரைப் பதினேழு ஆண்டுகள் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், காய், பழம், முழுதானியம், பருப்பு, மீன் என்று சாப்பிட்டவர்களிடம் காற்று மாசால் வரும் இதயநோய் மரண அபாயம் குறைவாக இருந்தது. மெக்சிகோ நகரத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் சியும் ஈயும் கொடுத்தபோது ஓசோனால் மூச்சுக்குழாய் சுருங்குவது மட்டுப்பட்டது. இவையெல்லாம் வருடக்கணக்கில் தட்டு நிறைய வந்த சாப்பாட்டின் பலன், அல்லது மருத்துவர் கண்காணிப்பில் அளந்து கொடுத்ததன் பலன். ஒரே இரவில் துடைத்தெடுக்கிற உணவு உலகத்தில் எங்கும் கிடையாது. தடுப்பது வேறு, கழுவுவது வேறு.

இப்போது அந்தத் தட்டு யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். வடசென்னையை எடுத்துக்கொள்வோம். மணலியில் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். எண்ணூரைச் சுற்றி வடசென்னை அனல்மின் நிலையம், 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. கொடுங்கையூரில் குப்பைமேடு. மணலியைக் கடும் மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்த்தது 2009இல். இதே காற்றுக்குள்தான் தகரக் கூரை வீடு, சாலைப் புழுதியைப் பார்த்துத் திறந்த ஒற்றை ஜன்னல், இரவு ஷிப்ட், தூக்கமில்லாத உடம்பு. காலையில் டீயும் பன்னும், மதியம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும், சாயங்காலம் பாமாயிலில் பொரித்த பஜ்ஜி. அந்தத் தெருமுனைக் கடையில் சிப்ஸ் பாக்கெட் சரம்சரமாகத் தொங்கும், கீரைக்கட்டு காலையில் வந்து அரைமணியில் தீர்ந்துவிடும்.

"காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே" என்பவர்களுக்கு இதுதான் என் பதில். அமெரிக்காவின் ஆறு நகரங்களில் நடந்து 1993இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வை 2000இல் வேறொரு குழு மறுபடி அலசியபோது, படிப்பு குறைந்தவர்களிடம் மாசால் வரும் மரண அபாயம் அதிகமாக இருந்தது தெரிந்தது. கிழக்கு பாஸ்டனில் வாகனப் புகைக்கும் குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு தெரிந்தது வன்முறையை அதிகம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம்தான். அச்சமும் வறுமையும் உடம்பைத் தளர்த்திவைத்த இடத்தில் அதே புகை ஆழமாகப் பாய்கிறது.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இது: கர்ப்பகாலத்தில் தாய் சுவாசிக்கும் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. நாலு கிராம்தானே என்று நினைக்கலாம். எடைகுறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதமும் 2 சதவீதம் கூடுகிறது. ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கும் தாயின் வயிற்றில் அந்தக் கணக்கு ஏறுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்து குறைந்த குடல், சாம்பலிலும் தூசியிலும் வரும் காரீயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காரீயம் குழந்தையின் மூளையைத் தொடும்.

எண்ணூர் மீனவர் குப்பங்களில் இன்னொரு கொடுமை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் இறாலும் நண்டும் மீனும் கைக்கெட்டும் உணவாக இருந்தன. அனல்மின் நிலையக் குழாய்கள் ஒழுகி நிலக்கரிச் சாம்பல் அந்தக் கழிமுகத்தில் படிந்து, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. காற்றைக் கெடுத்த அதே கரி, அந்தக் காற்றைத் தாங்கக் கொஞ்சமாவது உதவியிருக்கக்கூடிய மீனையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே போய் "நல்லா சாப்பிடுங்க" என்று அறிவுரை சொல்லிவிட்டு வர எனக்கு நா எழுவதில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்று. எங்கே போனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். மணலி, எர்ணாவூர், கத்திவாக்கம், கொடுங்கையூர் அரசுப் பள்ளிகளில் சத்துணவோடு பிள்ளைக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். தினமும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு. சோற்றோடும் பருப்போடும் சாப்பிட்டால் அவற்றிலுள்ள இரும்பையும் உடம்பில் சேர்த்துவிடும், ரத்தசோகைக்கும் அதுவே உதவி. சமைக்க வேண்டாம், கழுவினால் போதும். 1982இல் விரிந்த சத்துணவில் முட்டை 1989இல் சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்துவிட்டது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரத் தெரிந்த திட்டத்துக்கு, புகைக்குள் படிக்கிற பிள்ளைக்குக் கொய்யா தருவது முடியாத காரியமா? பழம் கொடுத்தோம் என்று புகைபோக்கியை மறந்துவிடவும் கூடாது. அனல்மின் நிலையங்களின் புகைக்கு மத்திய அரசு வரம்பு விதித்தது 2015 டிசம்பரில். இரண்டு ஆண்டு அவகாசம் என்றார்கள், பிறகு தவணை மேல் தவணை.

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

கடல்காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். பகலில் கடல்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. கரையோரப் புகையை அது ஊருக்குள்தான் தள்ளும்.

மாசெல்லாம் டெல்லிப் பிரச்சினையாம். பிஎம் 2.5க்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. நம் வரம்புக்குள் இருக்கிறோம் என்பதால் நுரையீரல் தப்பித்துவிடாது.

கைக்குட்டை கட்டினால் புழுதி நிற்கும், நுண்துகள் நிற்காது. அதற்கு முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 வேண்டும்.

"எங்களுக்குப் பழகிப்போச்சு" என்பது மூக்கின் பேச்சு. நாற்றம் பழகும், ரத்தக்குழாய்க்குப் பழகாது.

கடைசியாக இன்ஹேலர். "வெல்லம் குடுத்துட்டுதான் இருக்கோம் மேடம், இன்ஹேலர் பழக்கமாயிடும்னு நிறுத்திட்டோம்" என்று ஒரு தாய் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல, அதை அவர் காதில் போட்டவர்கள்மேல். இன்ஹேலர் பழக்கமாகாது. அதில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவில். இழுப்பு இல்லாத நாளிலும் போடச் சொல்லியிருந்தால் போட வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பிள்ளைக்கு வெல்லம் பிடிக்கும் என்றால் பொங்கலில் போட்டுக் கொடுங்கள். இன்ஹேலரை மட்டும் பள்ளிப் பையில் வைத்து அனுப்புங்கள், அது எங்கே இருக்கிறது என்று வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.