விமானப் பயணத்தில் தொழுகையும் நோன்பும்

முன்பு கடல் கடந்து போவதென்றால் கப்பல்தான். நம் நாட்டு ஹாஜிகள் 1995 வரை மும்பையிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலிலும் சென்றார்கள். நாள்கணக்கில் செல்லும் கப்பலில் பொழுது மெல்லத்தான் மாறும். விமானத்திலோ ஒரே அமர்வில் இரண்டரை மணி நேரம் மாறிவிடுகிறது. எனவே வக்துகளைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

முஸாபிர் ஆவது எப்போது?

மேல்மலையனூரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். கஸ்ருக்குரிய தூரமோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். ஆகவே இவ்வூர்க்காரர் விமானம் ஏறிய பிறகல்ல, தம் ஊர் எல்லையைத் தாண்டியதுமே முஸாபிர் ஆகிவிடுகிறார். நான்கு ரக்அத் பர்ளுகள் அவருக்கு இரண்டாகும். சுப்ஹும் மஃரிபும் குறைவதில்லை.

மேற்கே ஜித்தா

சென்னையிலிருந்து ஜித்தா சுமார் 4,400 கிலோமீட்டர். ஆறு மணி நேரப் பயணம். பகல் 2 மணிக்குப் புறப்பட்டால் நம் கடிகாரப்படி இரவு 8 மணிக்கு இறங்குவோம். அங்கே அப்போது மாலை 5.30தான்! சூரியன் இன்னும் மறைந்திருக்காது. நோன்பாளி சென்னையின் மஃரிபு நேரத்தைப் பார்த்து நோன்பு திறந்துவிடக் கூடாது. தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைவதே கணக்கு. உயரத்தில் பறக்கும்போது, கீழே தரையில் மறைந்த சூரியன் மேலும் சில நிமிடங்கள் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கிழக்கே சிங்கப்பூர்

சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். நான்கு மணி நேரம். அதே 2 மணிக்குப் புறப்பட்டால் இறங்கும்போது அங்கே இரவு 8.30. வழியிலேயே அஸரும் மஃரிபும் விரைந்து வந்துவிடும். கைக்கடிகாரத்தை நம்பி, “இப்போது ஆறு மணிதானே, இறங்கித் தொழுவோம்” என்றிருப்பவருக்கு அஸர் களாவாகியிருக்கும். பெரும்பாலும் மஃரிபின் நேரமும் கடந்திருக்கும். நோன்பாளிக்கோ பகல் சுருங்குகிறது. விமானத்திலிருந்து சூரியன் மறைவதைக் கண்டு அவர் நோன்பு திறந்தால் அந்த நோன்பு நிறைவானதே, மனச்சஞ்சலம் வேண்டாம்.

மத்ஹபு வேறுபாடு

ஷாஃபி மத்ஹபினர் பயணத்தில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாத்திலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இதற்கு இடமில்லை. எனவே ஹனஃபிகள் அந்தந்த வக்தை விமானத்திலேயே தொழ ஆயத்தமாக வேண்டும். ஏறும் முன்பே உளூச் செய்துகொள்வது நல்லது.

முஸாபிர் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யச் சலுகை உண்டு. ஆனால் சுப்ஹுக்குப் பின் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் அன்றைய நோன்பை விடலாகாது என்பதே இவ்விரு மத்ஹபுகளின் நிலை.

பயணச்சீட்டு வாங்கும்போதே புறப்படும் நேரத்தையும் இறங்கும் ஊரின் வக்துகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். ஐயம் வந்தால் பயணத்துக்கு முன்பே நம் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவோம்.