அம்மாயி படத்துக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணி

தங்கச்சி, பிரதியைக் கவுத்துப் பலகையில ஒட்டி, தாளை நனைச்சு நாம தேச்செடுத்த அம்மாயி படம் வெளுத்துப்போச்சுன்னு விறகோட சேத்துறாத. அதைத் தேத்திறலாம். பாதிச் சாமான் அடுப்படியிலேயே கிடக்கு.

முதல்ல ஈரப் பஞ்சால ஒரு ஓரத்தைத் தொட்டுப் பாரு. பஞ்சுல கலர் ஏறினா அது இங்க்ஜெட் மை, தண்ணி ஆகாது. வார்னிஷ் ஸ்பிரே லேசா ரெண்டு தடவை அடிச்சுக் காயவிட்டு, மேல ஒட்டுறது, தீட்டுறது மட்டும் செய். ஏறலன்னா பெரும்பாலும் போட்டோகொப்பியோ லேசர் பிரிண்டோதான். அந்த மை பிளாஸ்டிக் தூள், தண்ணியில கரையாது.

வெள்ளையா படிஞ்சிருக்கே, அது பூஞ்சணம் இல்ல. அன்னைக்கு நாம சரியா உரிக்காம விட்ட தாள் நார். நனைஞ்சா காணாமப்போகும், காஞ்சா திரும்ப வந்து நிக்கும், நம்ம அப்புத்தளைப் பனி மாதிரியே. ஸ்பொஞ்சால நனைச்சு அஞ்சு நிமிசம் விட்டு, விரல் நுனியால சின்ன வட்டமா உருட்டு. நகம் படக்கூடாது. வெள்ளையா சுருண்டு வந்தா நார். கறுப்பு வந்துச்சுன்னா படமே வருது, அப்பவே நிறுத்திரு. நிறுத்தாமத்தான் இன்னொரு பிரதியில அம்மாயியோட ஒரு கண்ணைத் தொலைச்சேன். பென்சிலால வரைஞ்சு பாத்தேன், யாரோ ஒருத்தி முழிச்சா! அதனால முகத்துல தேய்க்கிறதும் வேணாம், வரையிறதும் வேணாம். மெல்லிசா ஒரு பூச்சு அக்ரிலிக் மீடியம் போதும், நார் கண்ணாடியாகி வெள்ளை அடங்கிரும். நம்ம ஊர் ஈரத்துக்கு ரெண்டு நாள் காயவிடு. அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வச்சா பலகை வளைஞ்சிரும்.

பிஞ்ச இடங்களுக்குத்தான் சாயத்தண்ணி. மூணு கரண்டி டஸ்ட் தேத்தூள், ஒரு கோப்பை கொதிதண்ணி, பத்து நிமிசம். சீனி போட்றாத, எறும்பு குடியேறிரும். இதை நேரா படத்துல ஊத்தினா திட்டுத்திட்டா நிக்கும், அக்ரிலிக் சாயம் குடிக்காது. மெல்லிசான தாள்ல ஏத்து. குடிச்சு முடிச்ச தேப்பையைப் பிரிச்சுக் காயவச்சா அதைவிட நல்ல தாள் கிடையாது. ஹட்டன் பக்கத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேப்பையையும் வச்சே தோட்டத்து வாழ்க்கையை வரைஞ்சு காட்டினவங்க. கத்தரிக்கோல் எடுக்காம கையால கிழிச்சு ஒட்டு, ஓரம் படத்தோட கலந்துக்கும்.

நிழல் வேணுமா? துருப்பிடிச்ச ஆணியை வினாகிரில ரெண்டு நாள் ஊறப்போடு. அந்த வினாகிரியைத் தொட்டுச் சாயத்தாள்ல ஒரு கோடு இழு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே சாம்பலாகி, கறுத்துரும். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ற வேலை. அந்தக் காலத்து எழுத்து மையும் இதே சங்கதிதான். ஆனா நாளாக ஆகத் தாளை அரிக்கும், அதனால ஒரிஜினல் போட்டோ இருக்கிற பக்கமே கொண்டுபோகாத.

கலர் பென்சில் பிடிக்கணும்னா மினுங்காத மீடியமா பூசு. ஒயில் பேஸ்டல் கடைசியா, அது மேல அக்ரிலிக் ஒட்டாது.

அம்மாயி நெத்தியில கொழுந்துக் கூடைக் கயிறு மங்கிப்போச்சே, அங்க நிசமான சணல் நூலை ஒட்டிரு. இடுப்புப் படங்குக்குச் சாக்குத் துண்டு. இதுக்கு மேல ஒண்ணும் ஒட்டாத, கொலு மேடையாயிரும்.

கடைசியா பேரு விசயம். ஜூலியா மார்கரெட் கமரன்னு ஒரு பேர்போன படக்காரி 1875ல இலங்கைக்கு வந்து, 1879ல இங்கேயே செத்துப்போனாங்க. தோட்டத்து ஆள்களையும் எடுத்தாங்க. படக்காரி பேரு நிக்குது, படத்துல நிக்கிறவங்க பலபேரோட பேரு இல்ல. நீ பலகைக்குப் பின்னால பென்சிலால அம்மாயி பேரு, தோட்டம், லய நம்பர், வருசம் எல்லாம் எழுதிரு. படத்துல மூக்குத்தி இடது மூக்குல தெரியும். நிசத்துல வலது, அக்கா படத்தைத் திருப்பாம கொப்பி எடுத்துட்டான்னு அதையும் எழுது.