விரைவுப் பாதையும் நம்பிக்கையின் விலையும்

சென்னை விமான நிலையத்தில் குடிவரவு வரிசையில் காத்து நிற்கும்போது, பக்கத்தில் ஒரு சிலர் மட்டும் தானியங்கிக் கதவு வழியாக விறுவிறுவென்று போய்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். "நமக்கும் அப்படி ஒரு காட் எடுக்க ஏலாதா?" என்று புறக்கோட்டையில் மூன்று நான்கு பேர் அண்மையில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். மாதத்தில் இரண்டு தடவை கடல் கடந்து போய் வருபவருக்கு வரிசையில் கழியும் நேரமும் ஒரு செலவு. ஆனால் அந்த அட்டை எப்படிக் கிடைக்கிறது, எப்படிப் பறிபோகிறது என்று விளங்கிக்கொண்டால், அட்டையை விடப் பெரிய ஒரு பாடம் வியாபாரிக்கு அதில் இருக்கிறது.

சோதனை குறைவதில்லை, முன்கூட்டி நடக்கிறது

இத்தகைய ஏற்பாடுகளை 'நம்பிக்கைக்குரிய பயணி திட்டம்' என்கிறார்கள். இதன் அடிப்படை மிக எளிது. எல்லையைக் கடப்பவர்களில் பெரும்பாலானோர் எந்த வில்லங்கமும் இல்லாதவர்கள். எல்லோரையும் ஒரே மாதிரி விசாரித்தால் அதிகாரியின் நேரம் வீணாகும். எனவே அடிக்கடி வந்து போகிறவர் தாமாகவே முன்வந்து தம் விபரங்களைக் கொடுத்தால், ஆறுதலாக விசாரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஐந்து வருடங்களுக்கு விரைவாகப் போக விடலாம். மிச்சமாகும் நேரத்தில் அறியாத ஆட்களைக் கவனிக்கலாம்.

நம் கடைகளில் நடப்பதும் இதுதான். பழகிய வாடிக்கையாளர் வந்தால் சிட்டையில் எழுதிக்கொண்டு சாமானைக் கொடுத்து அனுப்புகிறோம். புதிய ஆள் வந்தால் காசை எண்ணி வாங்கிய பிறகுதான் மூட்டை வெளியே போகிறது. பழகியவரை நாம் சோதிக்கவில்லை என்று அர்த்தமல்ல. பத்து வருடமாகச் சோதித்து முடித்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

கனடா - அமெரிக்க எல்லையில் ஓர் உதாரணம்

இத்திட்டம் நன்றாக வேரூன்றிய இடம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட எல்லை. என் தங்கையின் மகன் டொரன்டோவில் குடியேறி மசாலாச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறார். வாடிக்கையாளர்களைச் சந்திக்க அமெரிக்காவின் டெட்ரொயிட் நகருக்கு அடிக்கடி வாகனத்தில் போய் வருகிறார். அவரிடம் இருப்பது 'நெக்ஸஸ்' அட்டை.

இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் இத்திட்டம் 2000 ஆம் ஆண்டில் ஓரிடத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2002 இல் விரிவுபடுத்தப்பட்டது. விண்ணப்பதாரி பற்றி இரு நாட்டு அதிகாரிகளும் விசாரிப்பார்கள். நேர்முகப் பரீட்சை உண்டு, கைவிரல் அடையாளம் எடுப்பார்கள். இரு நாடும் சம்மதித்தால்தான் அட்டை. ஒரு நாடு வேண்டாம் என்றாலும் இல்லை. நீண்ட காலம் 50 டொலராக இருந்த கட்டணம் 2024 ஒக்டோபர் முதல் 120 அமெரிக்க டொலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அட்டை ஐந்து வருடம் செல்லுபடியாகும்.

மருமகன் சொன்ன இரண்டு விடயங்கள் நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை. முதலாவது: "மாமா, வாகனத்தில் இருக்கிற எல்லாரிடமும் காட் இருக்க வேணும். காட் இல்லாத ஒருத்தரை ஏற்றினாலும் சாதாரண வரிசைதான்." நம் நம்பிக்கையைப் பக்கத்து ஆசனக்காரருக்கு இரவல் கொடுக்க முடியாது.

இரண்டாவது: விற்பனைக்கான சரக்கு எதையும் அந்தப் பாதையில் கொண்டு போகக் கூடாது. வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு பெட்டி மாதிரிச் சரக்கு எடுத்துப் போகும் நாட்களில் அவர் சாதாரண வரிசையிலேயே நின்று, சரக்கை அறிவித்துவிட்டுப் போகிறார். கையில் அட்டை இருந்தும் அப்படித்தான்.

ஆள் வேறு, சரக்கு வேறு

அப்படியானால் சரக்குக்கு வழி இல்லையா? இருக்கிறது. அதன் வரலாறு 2001 செப்டம்பர் 11 தாக்குதலோடு தொடங்குகிறது. அதன் பின் எல்லையில் சோதனை கடுமையானபோது, டெட்ரொயிட் நகரையும் கனடாவின் வின்சர் நகரையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தில் லொறிகள் மணிக்கணக்காகத் தேங்கி நின்றன. உதிரிப்பாகங்கள் வந்து சேராமல் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் சில வேலையை நிறுத்த நேர்ந்தது. பாதுகாப்பும் வேண்டும், வியாபாரமும் ஓட வேண்டும் என்ற நெருக்கடியில் அதே ஆண்டு டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன் வழியே லொறிகளுக்கென்று 'ஃபாஸ்ட்' என்ற தனிப் பாதைத் திட்டம் வந்தது.

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் அந்தப் பாதையில் ஒரு லொறி போக வேண்டுமானால் மூன்று பேர் நம்பிக்கைக்குரியவராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். லொறியின் சாரதி, லொறிக் கம்பனி, சரக்கை இறக்குமதி செய்யும் வியாபாரி. மூவரில் ஒருவர் பதிவில்லாதவர் என்றாலும் லொறி பொது வரிசைக்குத்தான் போக வேண்டும். இறக்குமதியாளர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும், அவர் தெரிவு செய்த போக்குவரத்துக்காரர் சரியில்லை என்றால் சரக்கு நிற்கும். குறைந்த கூலிக்குக் கிடைக்கிறார் என்று எவரையோ பிடித்து வேலை கொடுக்கும் நம் பழக்கத்தை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

தேடியது தொலையும் விதம்

இந்த அட்டைகள் உரிமை அல்ல, சலுகை. எனவே பறிபோவதும் இலகு. கொண்டுவந்த ஒரு பொருளை அறிவிக்காமல் விட்டது தெரிந்தால் போதும். பெறுமதி பெரிதா சிறிதா என்பது இரண்டாம் பட்சம். 2018 இல் அமெரிக்காவில் வந்திறங்கிய ஒரு பயணியிடம், விமானத்தில் தின்னக் கொடுத்த ஓர் ஆப்பிள் பழம் அறிவிக்கப்படாமல் பையில் இருந்தது. 500 டொலர் தண்டம். அத்தோடு அவரது 'குளோபல் என்ட்ரி' என்ற விரைவுப் பயண உறுப்புரிமையும் கேள்விக்குள்ளானது. பழத்தின் விலை ஒரு டொலர் கூட இருக்காது. அதிகாரிக்குப் பழம் முக்கியமல்ல. 'இவர் சொல்வதை நம்பித்தான் சோதிக்காமல் விடுகிறோம், சொல்லாமல் விட்டாரே' என்பதுதான் முக்கியம்.

நம்மிடம் எந்தப் பிழையும் இல்லாமலே போவதும் உண்டு. 2017 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் பிரஜைகள் உள்ளே வருவதைத் தடுத்துக் கட்டளையிட்டபோது, கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்த அந்நாட்டவர் பலரின் நெக்ஸஸ் அட்டைகள் இரத்தாயின. எல்லா விசாரணையும் முடித்துப் பெற்ற அட்டைகள் அவை. 2020 பெப்ரவரியில் நியூயோர்க் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் இடையே வந்த பிணக்கில், அந்த மாநிலவாசிகள் எவரும் இத்திட்டங்களில் புதிதாகச் சேரவோ புதுப்பிக்கவோ முடியாமல் போனது. அவ்வருடம் ஜூலையில்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே அட்டை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அது இல்லாவிட்டால் வியாபாரமே நின்றுவிடும் என்ற நிலைக்கு நம்மைக் கொண்டு போகக் கூடாது.

நமக்கு எது கிடைக்கும்?

சென்னையில் நீங்கள் கண்ட விரைவுப் பாதை இந்திய அரசு 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை உட்பட மேலும் ஏழு விமான நிலையங்களுக்கு விரிவாக்கிய திட்டம். இந்தியப் பிரஜைகளுக்கும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சீ.ஐ. அட்டை உள்ளவர்களுக்குமே அது தொடங்கப்பட்டது. இலங்கைக் கடவுச்சீட்டு மாத்திரம் உள்ளவருக்காக அது தொடங்கப்படவில்லை.

ஆசிய பசுபிக் வட்டாரத்தில் 'அபெக்' வர்த்தகப் பயண அட்டை என்று ஒன்று உண்டு. ஐந்து வருடச் செல்லுபடி, பல நாடுகளுக்கு விசா இல்லாமல் குறுகிய காலப் பயணம், விமான நிலையத்தில் தனிப் பாதை. அதுவும் அபெக் அமைப்பிலுள்ள நாடுகளின் வர்த்தகர்களுக்கு. இலங்கை அதில் உறுப்பு நாடல்ல. அமெரிக்காவின் குளோபல் என்ட்ரிக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு மாத்திரம் போதாது. அங்கு நிரந்தர வதிவிடம் உள்ளவர் விண்ணப்பிக்கலாம். துபாயில் வதிவிட விசா பெற்றிருக்கும் நம்மவர்கள் அங்குள்ள தானியங்கி வாயில்களைப் பயன்படுத்துகிறார்கள். கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்ற உறவினர்கள் நெக்ஸஸ் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

எனவே "நான் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று எவராவது வந்தால் ஏமாற வேண்டாம். இவை அரசாங்கங்கள் நேரடியாகக் கொடுப்பவை.

அட்டை இல்லாமலே செய்யக்கூடியவை

அட்டை இல்லை என்பதற்காக நம்மைப் பற்றிய பதிவு இல்லை என்று நினைக்கக் கூடாது. நாம் வந்த திகதி, போன திகதி, அறிவித்த பொருள், கட்டிய தண்டம் எல்லாம் கணினியில் ஏறுகின்றன. அடிக்கடி பயணம் போகும் வியாபாரி தன் பதிவைத் தானே சுத்தமாக வைத்திருக்கப் பின்வருவன உதவும்.

1. பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். நம் சமூகத்தில் இது பெரிய தலையிடி. 'முஹம்மத்' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று, வியாபாரப் பதிவில் இன்னொன்று. வேறு எவரோ ஒருவரின் பெயரோடு நம் பெயர் ஒத்துப்போய் விசாரணைக்குக் கூப்பிட்டால், நாம் அவரல்ல என்று காட்ட ஒரே சீரான ஆவணங்கள்தான் கைகொடுக்கும். விமானச் சீட்டிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும்.

2. சந்தேகம் இருந்தால் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளுக்குத் தீர்வை கட்ட நேரலாம். அது ஒரு நாள் செலவு. அறிவிக்காமல் பிடிபட்டால் அடுத்த பயணங்களிலெல்லாம் பையைத் திறக்க வேண்டி வரும்.

3. காசின் அளவை அறிந்து செல்லுங்கள். அமெரிக்காவில் 10,000 டொலருக்கு மேல் கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும். இந்தியாவுக்குள் வெளிநாட்டு நாணயத்தாள் 5,000 அமெரிக்க டொலர் பெறுமதிக்கு மேல் இருந்தாலோ, பயணக் காசோலை முதலியவற்றோடு சேர்த்து 10,000 க்கு மேல் இருந்தாலோ அறிவிக்க வேண்டும். கொண்டுபோவது குற்றமல்ல. சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம்.

4. பற்றுச்சீட்டுகளைக் கோவையாக வையுங்கள். எங்கே வாங்கினோம், என்ன விலை, எந்த வங்கி வழியாகப் பணம் போனது என்று அதிகாரி கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் நேர்மையானவர் மீதும் சந்தேகம் வரும்.

5. அடுத்தவரின் பார்சலை ஏற்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் கட்டுநாயக்கவில், நன்கு தெரிந்த ஹாஜியார் ஒருவர் "தம்பி, இந்தச் சின்னப் பார்சலை மட்டும் சென்னையில் நம்ம ஆள் ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க" என்று நீட்டினார். "ஹாஜியார், திறந்து காட்டுங்க. உள்ளுக்க என்ன இருக்கு என்று எழுதி ஒப்பம் வச்சுத் தாங்க, தாராளமாகக் கொண்டு போறேன்" என்றேன். முகம் கறுத்துப் போய்ப் பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதில் மருந்துக் குளிசை இருந்ததோ மாணிக்கக்கல் இருந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கோபம் ஆறிவிட்டது. ஆனால் பிடிபட்டிருந்தால் என் பெயரில் ஏறும் பதிவு ஆறாது. அமானிதம் என்று ஒரு பொருளை ஏற்பவர், அது என்னவென்று அறிந்த பிறகுதான் ஏற்க வேண்டும்.

6. கொள்கலன் அளவில் இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்கள் தம் நிறுவனத்துக்கு உரிய வழியைப் பாருங்கள். உலக சுங்க அமைப்பு 2005 இல் வகுத்த ஒழுங்கின்படி, நல்ல பதிவுள்ள வர்த்தகருக்குச் சரக்குச் சோதனையில் சலுகை வழங்கும் 'ஏ.ஈ.ஓ.' திட்டம் பல நாடுகளில் நடக்கிறது. இலங்கை சுங்கத் திணைக்களத்திலும் அது உண்டு. கணக்கு வழக்குகள் ஒழுங்காக, வரி நிலுவை இல்லாமல், களஞ்சியம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஆளுக்கான அட்டை நமக்குக் கிடைக்காவிட்டாலும், நிறுவனத்துக்கான இந்த வாசல் திறந்துதான் இருக்கிறது. திணைக்களத்தில் நேரடியாக விசாரித்து, எந்தத் தகைமை நம்மிடம் குறைகிறது என்று கேட்டறியுங்கள். அந்தக் குறையை நிரப்பும் வேலையே நிறுவனத்தை ஒழுங்குபடுத்திவிடும்.

நல்ல பெயரைக் கடன் வாங்க முடியாது, விலைக்கும் வாங்க முடியாது. ஒவ்வொரு பயணத்திலும் சிறிது சிறிதாகச் சேர்க்கும் முதல் அது. அடுத்த பயணத்துக்குப் பை கட்டும்போது, எல்லையில் திறந்து காட்டத் தயங்கும் பொருள் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.