தம்பிக்குச் சில பாட்டுகள்



உன் கடிதம் கிடைத்தது. வருகிற மார்கழியில் பிற்பகல் கச்சேரி ஒன்று உனக்கு வாய்த்திருப்பதையும், அதற்குள் புதிதாகப் பாடம் பண்ணத்தக்க உருப்படிகள் சிலவற்றை நான் சொல்லவேண்டும் என்று நீ விரும்புவதையும் அறிந்து மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். ஈசுவர கிருபையால் மூன்று ஸ்தாயியிலும் தங்குதடையின்றிச் செல்லும் சாரீரமும், நினைத்த மாத்திரத்தில் உதிரும் பிருகாவும் உனக்கு அமைந்திருக்கின்றன. அவற்றுக்கு இடம் கொடுக்கும் கீர்த்தனங்களும் வேண்டிய மட்டும் உன்னிடம் இருக்கின்றன. ஆகையால், எந்தப் பாட்டு உன் கைவசமுள்ள சாமர்த்தியத்துக்கு வேலை கொடாமல், உன்னிடம் இன்னும் வந்து சேராத ஒன்றைக் கேட்கிறதோ, அந்தப் பாட்டையே இப்போது நீ தேடிக் கற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அத்தகைய சிலவற்றைச் சொல்கிறேன். முதல் மூன்றையும் வேண்டுமென்றே பைரவியிலிருந்து எடுத்திருக்கிறேன்.

ஞானசம்பந்தர் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பாடியருளிய பதிகங்களுள் கௌசிகப் பண்ணில் அமைந்த ஒன்றை எடுத்துக்கொள். கௌசிகத்தை ஓதுவார்கள் இன்று பைரவியாகவே பாடுகிறார்கள். தாளத்தோடு பாடும் பண்ணாங்க முறையும், தாளமின்றிப் பாடும் சுத்தாங்க முறையும் அவர்களிடத்தில் உண்டு. நீ கற்கவேண்டியது சுத்தாங்கம். தாளம் என்னும் துணை நீங்கியவுடன், ஒரு சொல்லில் எவ்வளவு நேரம் நிற்பது, அடுத்த சொல்லுக்கு எப்போது நகர்வது என்பவற்றைச் செய்யுளின் சீரும் பொருளும் உன் நிதானமுமே நிர்ணயிக்கவேண்டியதாகிறது. மிருதங்கத்தின் நடையிலேயே வளர்ந்த இளம் வித்துவான்கள் அவ்விடத்தில் திகைத்துப்போய், ஒன்று ஓட்டம் பிடிக்கிறார்கள், அல்லது சொற்களுக்கு இடையே அகாரத்தை இட்டு நிரப்புகிறார்கள். உன் ஊர்ச் சிவாலயத்துக்குச் சாயரட்சை வேளையில் போய், ஓதுவார் எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு வாங்குகிறார் என்பதை மட்டும் சில நாள் கவனித்து வா. ராகத்தைப் பிறகு கவனிக்கலாம்.

அடுத்தது சியாமா சாஸ்திரிகளின் பைரவி ஸ்வரஜதி. தஞ்சையில் பங்காரு காமாட்சியின் சந்நிதியைச் சேர்ந்த அர்ச்சகர் குடும்பத்தில் வந்த அம்மகான் (1762–1827) அம்பிகையின்மீது இயற்றிய மூன்று ஸ்வரஜதிகளுள் இது ஒன்று. மிசிர சாபு தாளத்தில் அமைந்தது. இதன் எட்டுச் சரணங்களும் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்று முறையே ஒவ்வொரு ஸ்வரத்தில் தொடங்கி, எட்டாவது சரணம் மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்பதை நீ கேள்விப்பட்டிருப்பாய். கேள்விப்படுவது வேறு, பாடிப் பார்ப்பது வேறு. காந்தாரத்தில் தொடங்கும் சரணத்தைப் பாடும்போது, மேலே பறந்து செல்லக்கூடிய உன் சாரீரம், அந்தக் காந்தாரத்தின் அசைவு முழுமையடையும்வரையில் அங்கேயே தங்கிப் பணி செய்யவேண்டும். ஏறும்போது சதுச்ருதியாகவும் இறங்கும்போது சுத்தமாகவும் வரும் பைரவியின் தைவதம், வேகத்தில் எவரும் கவனியாமல் கடந்து போகிற அந்தப் பேதம், இந்த நிதானத்தில் பட்டவர்த்தனமாய் வெளிப்பட்டுவிடும். இங்கே பிருகாவுக்கு வேலையே இல்லை. நான் சொல்லும் பாட்டுகளில் ஒன்றுக்குத்தான் அவகாசம் உண்டு என்பாயாகில், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொள்.

மூன்றாவது, சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) ராம நாடகத்தில் அமைத்த ‘யாரோ இவர் யாரோ’. மேடையில் இன்று இதைப் பைரவியில் கேட்கிறோம். மிதிலையில் கன்னிமாடத்து நங்கையைக் கண்ட ராமனின் வியப்பு அது. பல்லவி திரும்பத் திரும்ப வரும்போது வியப்பு வளரவேண்டுமே தவிர, சங்கதிகளின் எண்ணிக்கை மட்டும் வளர்ந்தால் போதாது. ஒவ்வொரு சங்கதிக்குப் பிறகும் அது இன்னும் ஒரு கேள்வியாகவே ஒலிக்கிறதா என்று உன்னையே கேட்டுக்கொள்.

பைரவியை விட்டு வெளியே வந்தால், 15-ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் இருக்கிறார். திருப்புகழ் ஒன்றைச் சுருதிகூட இல்லாமல் வாய்விட்டுப் படி. குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் உள்ளபடி ஒலித்தால் சந்தம் தானே நடக்கும், ஒரு ணகரம் குழைந்தாலும் தடுக்கி விழும். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் இந்த வகையிலேயே பயன்படும்.

க்ஷேத்ரக்ஞரின் பதம் ஒன்றேனும் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தில் பேணி வளர்த்த பாடாந்தரத்தை, அவர் பேத்திகளாகிய பிருந்தா, முக்தா சகோதரிகளின் ஒலிப்பதிவுகளில் கேள். அந்தச் சௌக்க காலத்தில் ஒரு கார்வை எத்தனை பாரத்தைத் தாங்குகிறது என்பது அப்போது விளங்கும். பதத்தை மேடைக்குக் கொண்டுவர அவசரப்படாதே. அந்தச் சிருங்காரம் உன் வயதுக்கு வார்த்தையாக மட்டுமே எட்டும்.

சினிமாப் பாட்டு ஒன்றையும் சேர்க்கிறேன். உன் குருநாதர் ஆட்சேபிப்பாராயினும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்வதற்கில்லை. 1961-இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தில், கண்ணதாசன் இயற்றி, விசுவநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்து, சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடிய ‘மலர்ந்தும் மலராத’ என்னும் பாட்டு, பிரிந்துவிட்ட அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தைக்குப் பாடும் தாலாட்டாக அமைந்தது. தாலாட்டு ஆகையால் துக்கத்தைக் குரலை உயர்த்திச் சொல்ல வழியில்லை, குழந்தை விழித்துக்கொள்ளும். அடக்கிச் சொல்லியே அவ்விருவரும் கேட்பவரை உருக்கிவிடுகிறார்கள். உச்ச ஸ்தாயியில்தான் உருக்கம் பிறக்கும் என்று நம்பும் பாடகர்கள் யாவரும் இதைப் பலமுறை கேட்கவேண்டும்.

கடைசியாக, உன் பாட்டியிடம் போய், உன்னைத் தொட்டிலிட்டபோது அவர் பாடிய தாலாட்டைக் கேட்டு அப்படியே மனனம் பண்ணிக்கொள், ஸ்வரப்படுத்தித் திருத்தாதே. கேட்பவர் கண்ணுறங்கிப் போவதையே பலனாகக் கருதிப் பாடும் பாட்டு, புகழை எதிர்பாராமல் பாடுவது எப்படி என்பதை உனக்குப் போதிக்கும். சபைகளில் அந்தப் பாடம் கிடைக்காது.

இவற்றுள் எதையெல்லாம் மார்கழியில் பாடுவது என்று இப்போதே கணக்குப் போடாதே. ஸ்வரஜதியை நாளைக் காலையிலேயே தொடங்கிவிடு. எட்டுச் சரணமும் பாடமானதும் எனக்கு ஒரு வரி எழுது. அடுத்தது எது என்று அப்போது சொல்கிறேன்.